டைட்டில் மாற்றும்போது தொலைந்த ஒரு வரி: ஜாம்பி படங்களின் கதை

உங்களுக்குப் பிடித்த ஹாரர், காமெடி, கல்ட் படங்களைச் சொல்லச் சொன்னால், லிஸ்ட்டில் எப்படியும் ஒரு ஜாம்பி படம் வந்துவிடும். 'ஷான் ஆஃப் தி டெட்', 'ஜாம்பிலேண்ட்', நம்ம ஊர் 'மிருதன்' வரைக்கும். இதுங்க எல்லாத்துக்கும் ஒரு தாத்தா உண்டு: 1968இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. அதை இன்றைக்கு இன்டர்நெட்டில் முழுசாக, சட்டப்படியே, ஓசியில் பார்க்கலாம். அது எப்படி ஓசி ஆனது என்பதுதான் இந்த எபிசோட்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். ஜார்ஜ் ரொமேரோவுக்கு அப்போது இருபத்தேழு வயதுதான். நண்பர்களோடு சேர்ந்து விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஹாரர் படம் எடுத்துப் பார்ப்போமே என்று 10 பேர் தலைக்கு 600 டாலர் போட்டு 'இமேஜ் டென்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலர். இடிக்கப் போகிற ஒரு பண்ணை வீடுதான் செட். படம் கறுப்பு வெள்ளை என்பதால் ரத்தத்துக்கு சாக்லேட் சிரப். நம்ம காலேஜ் ஷார்ட் ஃபிலிம் பட்ஜெட்டை விடக் கொஞ்சம் மேலே, அவ்ளோதான்!

அதற்கு முன்னாலும் ஜாம்பி படங்கள் இருந்தன. 1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' மாதிரி. அதிலெல்லாம் ஜாம்பி என்றால் ஹைத்தி நாட்டு வூடூ மந்திரவாதிக்கு அடிமையாக வேலை செய்கிறவன். யாரையும் கடித்துச் சாப்பிட மாட்டான். பிணங்கள் கூட்டமாக எழுந்து வரும், மெதுவாக நடக்கும், மனிதர்களைத் தின்னும், மூளையை அழித்தால்தான் அடங்கும் என்ற ரூல் புக் ரொமேரோவும் ஜான் ரஸ்ஸோவும் எழுதிய ஸ்கிரிப்டில்தான் உருவானது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் 'ஜாம்பி' என்ற வார்த்தையே வராது.

இப்போ மெயின் மேட்டர். படத்துக்கு வைத்திருந்த பெயர் 'நைட் ஆஃப் தி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்'. கிட்டத்தட்ட அதே பெயரில் ஏற்கெனவே ஒரு படம் வந்திருந்ததால், விநியோகம் செய்த வால்டர் ரீட் நிறுவனம் பெயரை மாற்றியது. பழைய டைட்டில் கார்டை எடுத்துவிட்டுப் புதுசு போட்டார்கள். காப்பிரைட் வரி அந்தப் பழைய கார்டில்தான் இருந்தது. புதுசில் அதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். ஃபைலை ரீநேம் பண்ணும்போது லைசென்ஸ் ஹெடரும் சேர்ந்து டெலீட் ஆனது மாதிரி. ரிவ்யூவில் யார் கண்ணிலும் படல, நேராக புரொடக்‌ஷனுக்குப் போய்விட்டது.

இன்றைக்கு நீங்கள் போனில் எடுக்கிற வீடியோவுக்குக்கூட, எடுத்த நிமிடமே காப்பிரைட் வந்துவிடும். அன்றைய அமெரிக்காவில் அப்படி இல்லை. 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியாகிற பிரதியில் அந்த அறிவிப்பு இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் உரிமை போச்சு. ரோல்பேக் கிடையாது. படம் பொதுச் சொத்தாகிவிட்டது.

தியேட்டர்களில் அது பல மில்லியன் டாலர் வசூலித்தது. நள்ளிரவுக் காட்சிகள், டிவி, பிறகு வீடியோ கேசட் என்று யார் யாரோ பிரதி போட்டார்கள், விற்றார்கள். எடுத்தவர்கள் கைக்கு வந்தது கொஞ்சம்தான். வேறு சினிமாக்காரர்களுக்கும் வசதி: ஹாரர் படத்தில் யாராவது டிவி பார்க்கிற சீன் வேண்டுமா, இதை ஓடவிடு, காசு கொடுக்க வேண்டாம். 1981இல் வந்த 'ஹாலோவீன் 2' பாருங்கள், அதில் வருகிற டிவியில் ஓடுவது இதுதான்.

"அந்த வரி தொலைந்ததால்தான் படம் கல்ட் ஆனது, நல்லதாப் போச்சு" என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. ஓசியில் கிடைத்ததால் ஊரெல்லாம் பரவியது, சரி. ஆனால் பொதுச் சொத்தாகி, நாய்கூடச் சீண்டாமல் கிடக்கிற படங்கள் எத்தனையோ இருக்கு. இதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைத்தது பென் என்ற பாத்திரமும் அதில் நடித்த டுவேன் ஜோன்ஸும்தான்.

ஜோன்ஸ் கறுப்பினத்தவர். ஸ்கிரிப்டில் பென்னின் நிறம் எதுவும் எழுதப்படவில்லை. ஆடிஷனில் அவர்தான் சிறப்பாகச் செய்தார் என்று ரொமேரோ கடைசிவரை சொன்னார். 1968இல் ஒரு கறுப்பின ஹீரோ வெள்ளைக்காரர்களுக்கு உத்தரவு போடுகிறான், ஒருவனை அறைகிறான். (ஸ்பாய்லர் வருது, வேண்டாம்னா அடுத்த பத்திக்குப் போயிடுங்க.) ராத்திரி முழுக்கப் பிணங்களிடமிருந்து தப்பித்த பென்னை, காலையில் துப்பாக்கியோடு வருகிற கும்பல் தூரத்திலிருந்தே சுட்டுவிடுகிறது. அவன் உடலைக் கொக்கியால் இழுத்துப் போவது நியூஸ் பேப்பர் போட்டோ மாதிரி ஸ்டில்களாக வரும். படம் வெளியான அதே வருடம் ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பார்த்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்?

காமெடிக்கு வருவோம். ஜாம்பி என்றாலே "மூளை, மூளை" என்று அலையும் என்று நாம நினைக்கிறோம் இல்லையா? அது ரொமேரோ படத்தில் இல்லவே இல்லை. 1985இல் டேன் ஓ'பேனன் இயக்கிய 'தி ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற காமெடிப் படத்திலிருந்து வந்தது. கிண்டலுக்குப் போட்ட ரூல் ஒரிஜினல் ரூல் மாதிரி ஒட்டிக்கொண்டது.

1990இல் ரொமேரோவே ஸ்கிரிப்ட் எழுதி, டாம் சவீனி இயக்கத்தில் ரீமேக் வந்தது. இந்தத் தடவையாவது பழைய டீமுக்குக் காசு வரட்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். அதைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரிஜினலைப் பாருங்கள், அதிலும் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2016இல் மீட்டெடுத்த பிரதி கிடைத்தால் அதை. கலர் அடித்த வெர்ஷன் பக்கமே போகாதீங்க, சாக்லேட் சிரப்புக்கு மரியாதை இல்லாமப் போயிடும்.