யாருக்காக இந்த நடை?

நவம்பர் மாதம் பிறந்தால் நம் பெரிய நகரங்களில் ஏதோ ஒரு ஞாயிறு காலையில், ஒரே நிறத் தொப்பியணிந்த கூட்டம் சாலையில் நடந்து போவதைக் காணலாம். சர்க்கரை வியாதி விழிப்புணர்வு நடை. "நாலு கிலோமீட்டர் நடந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சரித்திரத்தில் இருக்கிறது.

இந்த வியாதிக்கும் நடைக்கும் உள்ள சம்பந்தம் மிகப் பழையது. சுச்ருத சம்ஹிதை பிரமேஹத்துக்குச் சொல்லும் சிகிச்சைகளில் ஒன்று, வசதியற்ற நோயாளி செருப்பும் குடையும் இன்றி, பிக்ஷை உண்டு, நூறு யோஜனை நடக்கவேண்டும் என்பது. விஞ்ஞானம் படித்த எனக்கு இதில் வியப்பில்லை. உழைக்கும் தசைகள், இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இரத்தத்திலுள்ள குளுகோஸை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அது தனக்காக நடக்கும் நடை.

பிறருக்காக நிதி திரட்டும் நடை அமெரிக்காவில் பரவியது 1970ஐ ஒட்டித்தான். 1969 அக்டோபரில் வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க் நகரில் சுமார் ஆயிரம் பேர் பசித்தவர்களுக்காக நடந்தார்கள். ஏற்பாடு எளிது. உறவினர், அண்டை அயலார், சக ஊழியர்களிடம், "நான் நடக்கும் ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு தருவீர்களா?" என்று முன்னதாகவே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது. சும்மா கை நீட்டக் கூசுபவரும் தம் உழைப்பைக் காட்டிக் கேட்கலாம் அல்லவா?

சர்க்கரை வியாதிக்காக இவ்வழியைப் பெரிதாகக் கையாண்டவர்களில் முக்கியமானவர்கள், டைப் 1 நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர்கள். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தும்வரை, இந்நோய் கண்ட குழந்தை பிழைக்க வழியில்லை. பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். ஆனால் இன்சுலின் உயிரைக் காக்குமே தவிர, நோயைத் தீர்க்காது. ஆயுள் முழுவதும், ஒரு நாள் தவறாமல் வேண்டும். நோயைத் தீர்க்கும் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, 1970இல் அமெரிக்கப் பெற்றோர்கள் ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். குழந்தையின் நோயைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியாதவர்கள், பின்னர் ஆண்டுதோறும் ஊர் ஊராக நடந்தார்கள்.

பான்டிங் பிறந்த நவம்பர் 14, 1991 முதல் உலக நீரிழிவு தினமாக அனுசரிக்கப்படுகிறது. நமக்கோ அது குழந்தைகள் தினமும்கூட. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் என்னைப் போன்ற பெரியவர்கள். நடைக்கு வருபவர்களும் நாங்களே. ஆனால் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் ஒன்பது வயது மகளுக்கு டைப் 1. நடையால் என் சர்க்கரை குறையும்; அவளுக்கோ இன்சுலின் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. மாதக் கடைசியில் அவர்கள் சோதனைப் பட்டைகளை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார்கள்.

எனவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நடைக்குக் கட்டணம் கட்டும்போது, இந்தப் பணம் எங்கே போகிறது என்று தயங்காமல் கேளுங்கள். தொப்பிக்கும் சிற்றுண்டிக்கும் போக மிச்சம், ஒரு ஏழைக் குழந்தையின் ஊசி மருந்துக்குப் போகுமானால், தாராளமாக நடக்கலாம். அப்படி இல்லையென்றால், அந்த ஏற்பாட்டைச் செய்ய நம் ஊர்க் கிளைகளே முன்வரலாம்.