பழைய மடிக்கணினிக்கான வைஃபை கார்டு

பழைய மடிக்கணினிக்கு வைஃபை கார்டு மாற்றுவோர் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, ஸ்லாட்டையும் பயாஸையும்தான். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அக்காலத்து மடிக்கணினிகளில் பரவலாக இருந்தது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்; பின்னால் வந்த எம்.2 கார்டு அதில் நேரடியாகப் பொருந்தாது, ஆன்டெனா ஒயரின் முனையும் வேறு. எம்.2 ஸ்லாட் இருந்தாலும் கவனம் தேவை. இன்டெல் ஏஎக்ஸ்200 சாதாரண பிசிஐஇ கார்டு. ஏஎக்ஸ்201 அதற்கென்றே வசதியுள்ள இன்டெல் சிப்செட்டில் மட்டுமே இயங்கும். ஓர் இலக்க வித்தியாசத்தில் பணம் வீணாகும்.

லெனோவா, எச்பி நிறுவனங்களின் பழைய மாடல்கள் பலவற்றில் பயாஸ் ஓர் அனுமதிப் பட்டியலை வைத்திருக்கும். பட்டியலில் இல்லாத கார்டைச் செருகினால் பழைய திங்க்பேட் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டி அங்கேயே நின்றுவிடும். பயாஸை மாற்றி எழுதினால் ஆயிற்றே என்பார்கள்; நடுவில் பிசகினால் மதர்போர்டே படுத்துவிடும். ஆகவே அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள பாக எண்ணைப் பார்த்து வாங்குவதே உசிதம். நூறு ரூபாய்க் கணக்குப் பார்ப்பவர்கள் யுஎஸ்பி அடாப்டர் போதாதா என்று கேட்பதும் நியாயமே: பூட்டிய பயாஸுக்கு அதுதான் சரி, யுஎஸ்பி 2.0 வழியே 480 மெகாபிட்டைத் தாண்டாது என்றாலும். எதை வாங்கினாலும் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. சைதாப்பேட்டை போன்ற நெருக்கமான குடியிருப்பில் அவற்றை அக்கம்பக்கத்து ரவுட்டர்களே நிரப்பிவிடும்.