சலங்கு

பேரன் பழைய படகு டிரெய்லர் ஒன்றை வாங்கிவந்து கொல்லையில் செப்பனிடுகிறான். உப்புத்தண்ணீர் தின்ற போல்ட்டுகள் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டிருக்கிறோம்.

நம் புதுச்சேரிச் சலங்கில் இந்தத் தொல்லை கிடையாது. ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். காரணம் துரு மட்டுமல்ல. ஆணியடித்த படகு அலை அடியில் பிளந்துபோகும், தைத்த படகு வளைந்துகொடுக்கும். கப்பல்கள் தள்ளியே நங்கூரமிடும் கரை இது. ஆளும் சரக்கும் கரையேறியது சலங்கில்தான். 1866-ல் கடல்பாலம் வந்த பிறகும் கப்பலுக்கும் பாலத்துக்கும் இடையே அதுவே ஓடியது. கயிறு நைந்தால் பிரித்து மறுபடி தைப்பார்கள், அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் பாடத்தில் 'ஷெலேங்க்' என்று படித்தேன். அது நம் சலங்குதான் என்று அப்பா சொல்லித்தான் தெரிந்தது. பேரனுக்கு இரண்டு சொல்லுமே புதிது.

இன்று காலை ஒரு போல்ட் கழன்றது. இன்னும் ஏழு பாக்கி.