பெற்றோர் ஈடுபாடும் கல்வி அடைவும்

பெற்றோர் ஈடுபாடு: பிள்ளைகளின் படிப்பில் வீட்டிலும் பள்ளியிலும் பெற்றோர் காட்டும் அக்கறையும் ஏற்கும் பங்கும். அமெரிக்கக் கல்வியியலாளர் ஜாய்ஸ் எப்ஸ்டீன் இதை 6 வகையாகப் பிரித்தார். தொடக்கப் பள்ளியில் கைகொடுக்கும் வழிகள் வளரிளம் பருவத்தில் அப்படியே பலிப்பதில்லை. நகர்ப்புற உயர்நிலைப் பள்ளி மாணவர் குறித்த 52 ஆய்வுகளை ஆய்வாளர் வில்லியம் ஜெய்ன்ஸ் 2007இல் தொகுத்துப் பார்த்தார். வீட்டுக் கட்டுப்பாடுகளைவிடப் பெற்றோரின் எதிர்பார்ப்பே அடைவோடு வலுவாக இணைந்திருந்தது. நடுநிலை வகுப்புகள் பற்றி ஆய்வாளர்கள் நான்சி ஹில்லும் டயானா டைசனும் 2009இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் இதற்கு அருகில்தான் வருகிறது: படிப்பின் மதிப்பை உணர்த்துவதும் எதிர்காலம் பற்றிச் சேர்ந்து பேசுவதுமே முதலிடம் பெற்றன. வீட்டுப்பாட உதவிக்கு அடைவோடு அத்தகைய இணைப்பு இல்லை. பின்தங்கும் பிள்ளைக்கே பெற்றோர் அதிகம் உதவ முனைவது ஒரு காரணமாகலாம். ஆகவே, கணக்குப் போடத் தெரியாத பெற்றோராலும் பிள்ளையின் படிப்பில் முதன்மையான பங்கை ஆற்ற முடியும்.