இண்டக்‌ஷன் அடுப்பும் வெள்ளி ஏப்ரனும்

தங்கமணிக்கு இது ஆறாம் மாசம். துணைக்கு ஊரிலிருந்து வந்த அம்மா, எங்கள் புனே ஃப்ளாட்டின் இண்டக்‌ஷன் அடுப்பைப் பார்த்த நாளிலிருந்து ஒரே புலம்பல். "வயித்துப்பிள்ளைக்காரி கரண்டு அடுப்புகிட்ட நிக்கலாமாடா? அதுக்குன்னு வெள்ளி இழை போட்ட ஏப்ரன் விக்கிதாமே!" விக்கிறது. வாங்கியும் ஆச்சு. '99.9 சதவீதம் தடுக்கும்' என்று அட்டையில் போட்டிருந்தது. செல்போனை அதில் சுற்றினால் டவர் போய்விடுகிறது. அம்மாவுக்குப் பரம திருப்தி. எனக்குத்தான் அரிப்பு தாங்கவில்லை. செல்போனைத் தடுக்கிற துணி அடுப்பையும் தடுக்குமா?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே கண்டது 1831ல். காந்தத்தின் நடுவே செப்புத் தட்டைச் சுழற்றினால் தட்டு சூடாகிறது என்று ஃபூக்கோ காட்டியது 1855ல். நம் அடுப்பின் மொத்த சூட்சுமமும் இந்த இரண்டுதான். 1950களில் அமெரிக்காவின் ஃப்ரிஜிடேர்காரர்கள் பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் செய்தித்தாளை வைத்துத் தண்ணீர் கொதிக்கவைத்து வேடிக்கை காட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் வெஸ்டிங்ஹவுஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கே பல வீடுகளில் அது நுழைந்தது 2012 செப்டம்பருக்குப் பிறகு, மானிய சிலிண்டர் வருஷத்துக்கு ஆறுதான் என்று அரசு அறிவித்தபோது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

பயத்தின் கதை தனி. 1979ல் வெர்ட்ஹைமர், லீப்பர் என்ற இருவர், அமெரிக்காவின் டென்வர் நகரில் மின்கம்பிகளுக்கு அருகே வசித்த குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் அதிகம் என்று எழுதினார்கள். 2002ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அந்தக் குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்தை 'இருக்கலாம்' என்ற 2பி வகையில் வைத்தது. அது 50, 60 ஹெர்ட்ஸ் சமாச்சாரம். நம் அடுப்போ 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல். பொதுஜனம் இந்த வித்தியாசமெல்லாம் பார்ப்பதில்லை, எல்லாமே 'ரேடியேஷன்'. சீனாவில் கர்ப்பிணிகளுக்கான கவச உடை பெரிய வியாபாரமாகவே ஆனது. 2011 டிசம்பரில் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி ஒரு சோதனையைக் காட்டியது: நேராக வரும் அலையை உடை தடுத்தாலும், கீழேயும் பக்கவாட்டிலும் நுழைவது உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம்.

சரி, இந்தத் துணிகளை எப்படிச் சோதிக்கிறார்கள்? அமெரிக்க ராணுவம் 1956லேயே கவச அறைகளைச் சோதிக்க ஒரு தரநிலை வைத்திருந்தது. அதில் காந்தப்புலத்துக்கென்று கம்பி வளையங்களை வைத்துத் தனிச் சோதனை உண்டு. துணி மாதிரி மெல்லிய பொருட்களுக்கு 1989ல் ஏஎஸ்டிஎம் டி4935 வந்தது. துணியை வட்டமாக வெட்டி, ஒரு உலோகக் குழாய்ச் சட்டத்தின் நடுவில் வைத்து, அலை எவ்வளவு தேய்கிறது என்று பார்ப்பது. அதன் எல்லை 30 மெகாஹெர்ட்ஸ் முதல் 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை. எங்கள் ஏப்ரன் அட்டையிலும் பொடி எழுத்தில் அதே எண்கள்! 25 கிலோஹெர்ட்ஸில் ஓடும் அடுப்பு இந்தச் சோதனையின் கீழ்ப்படியைவிட 1,200 மடங்கு கீழே இருக்கிறது. பொய் சொல்லவில்லை, ஆனால் நமக்கு வேண்டிய கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை.

காரணம் இதுதான். 1 கிகாஹெர்ட்ஸ் அலை செம்பில் 2 மைக்ரோமீட்டர் போவதற்குள் மூன்றில் ஒரு பங்காகிவிடும். 25 கிலோஹெர்ட்ஸில் அதற்கு 0.4 மில்லிமீட்டர் செம்பு வேண்டும். இழையின் மேல் பூசிய உலோகப் பூச்சு எந்த மூலைக்கு?

மோட்டார் வைண்டிங் கடையில் எனாமல் கம்பி வாங்கி, டிபன் டப்பா மேல் ஐம்பது சுற்று சுற்றினேன். இரண்டு முனையையும் சுரண்டி ஒரு எல்இடி. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பை முழு வேகத்தில் விட்டு, வளையத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் பளிச்! நடுவில் ஏப்ரனைப் பிடித்தேன். அதே பளிச். மடித்துப் பிடித்தேன், ஊஹூம். தடித்த அலுமினியத் தட்டை வைத்ததும் மங்கியது. தட்டை எடுத்துவிட்டு வளையத்தை ஒரு சாண் பின்னால் இழுத்தேன், அணைந்தே போனது. அம்மா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்காக அம்மாவின் பயம் மொத்தமும் வெட்டி என்று சொல்ல மாட்டேன். ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேசக் குழு 1998ல் பொதுமக்களுக்கு வைத்த அளவு 6.25 மைக்ரோடெஸ்லா, 2010ல் அதை 27 ஆக்கியது. வீட்டுச் சாதனங்களை அளக்கும் ஐஇசி 62233 தரநிலைப்படி இண்டக்‌ஷன் அடுப்பை 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் அளப்பார்கள். 2012ல் வெளியான ஒரு சுவிஸ் ஆய்வில், அந்தத் தூரத்தில் பெரும்பாலான அடுப்புகள் தேறின. இன்னும் நெருங்கினால் பலவற்றில் 1998ன் அளவு தாண்டியது. இந்த அளவுகள் நரம்பைத் தூண்டும் எல்லைக்கு நிறையக் கீழே வைக்கப்பட்டவை, தாண்டினால் உடனே ஆபத்து என்றில்லை. ஆனால் ஆறு மாச வயிறு மேடையில் இடிக்கும்போது 30 சென்டிமீட்டர் எங்கே இருக்கிறது? (பேஸ்மேக்கர் வைத்தவர்களை 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன். வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.)

அடுப்பைச் சுவரை ஒட்டித் தள்ளிவிட்டேன். காயில் வட்டத்தை முழுசாக மூடும் பாத்திரம்தான், அதுவும் நடுவில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம். மேடையில் 30 சென்டிமீட்டர் அளந்து சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியாகிவிட்டது. தங்கமணி அதற்கு லட்சுமணன் கோடு என்று பேர் வைத்திருக்கிறாள்.

ஏப்ரனைத் திருப்பி அனுப்பலாம் என்றால் அம்மா விடவில்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் தாளிக்கிறார். எண்ணெய் தெறிக்காதாம்.