ராயல் என்ஃபீல்டு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனியாரால் நடத்தப்பெற்று, 1901 முதல் மோட்டார் சைக்கிள்களை உற்பத்தி செய்துவந்த யந்திரத் தொழில் ஸ்தாபனம். இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது ராணுவத்துக்கு வேண்டிய வண்டிகளைச் செய்து கொடுத்ததோடு, பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவனுக்கு அருகே கல் வெட்டியெடுக்கப்பட்ட பழைய சுரங்கமொன்றில், எதிரி விமானங்களின் கண்ணுக்குப் படாதவாறு தொழிற்சாலை அமைத்து, விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் குறி கணித்துத் தரும் நுட்பக் கருவிகளையும் தயாரித்தது. ‘ஃபிளையிங் ஃபிளீ’ என்று வழங்கிய அதன் 125 சி.சி. வண்டி, பகை நாடான ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. வண்டியை மாதிரியாகக் கொண்டு பிறந்தது என்பது யுத்த கால விசித்திரங்களுள் ஒன்று. ஏறக்குறைய 60 கிலோ எடையே உள்ள அது, எஃகுக் கூண்டில் பிணைக்கப்பட்டு, பாராசூட் மூலம் போர்க்களத்தில் இறக்கப்பட்டது. சமாதான காலத்தில், பின்சக்கரத்துக்கு ஊசலாடும் கவையும் அதிர்வு தாங்கிகளும் பொருத்தி 1949-இல் விற்பனைக்கு வந்த ‘புல்லட்’, இந்திய ராணுவத்தின் ஆதரவைப் பெறவே, மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரின் கூட்டுறவோடு 1955-இல் சென்னையில் ‘என்ஃபீல்டு இந்தியா’ தோன்றிற்று. கப்பலில் வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டுவதாகத் தொடங்கிய வேலை, சில ஆண்டுகளுக்குள் சுயமான முழு உற்பத்தியாக விருத்தியடைந்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது; தாய் ஸ்தாபனம் மறைந்த பின்னும் புல்லட் உற்பத்தி சென்னையில் இடையறாது நடைபெற்றது. 1994-இல் ஐஷர் குழுமம் என்ஃபீல்டு இந்தியாவை ஏற்றுக்கொண்டது.