ஈயமுத்திரைக்கு உள்ளும் புறமும்: டிராக்டர் டீசல் பம்பின் கதை

பழைய டிராக்டரின் எரிபொருள் உட்செலுத்தும் பம்பு, பட்டறை வழக்கில் டீசல் பம்பு, பழுதுபட்டால் அதை எஞ்சினிலிருந்து கழற்றுபவர் ஒருவராகவும், கழற்றியதைப் பிரித்துச் சரிசெய்பவர் வேறொருவராகவும் இருப்பது நெடுநாளைய தொழில்முறை. இந்த எல்லையை வகுத்தது பம்பின் உள்ளமைப்பே.

1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் இயக்கிக் காட்டிய எஞ்சினில், கம்ப்ரசரால் அழுத்தப்பட்ட காற்றுதான் எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதிச் செலுத்தியது. கப்பலும் மின்நிலையமும் தாங்கிக்கொண்ட அந்தக் கம்ப்ரசரின் எடையை உழவு வண்டி தாங்காது என்பதால், காற்றின் துணையின்றி எரிபொருளை நேரடியாக உயர் அழுத்தத்தில் தெளிக்கும் சிறிய பம்பு தேவைப்பட்டது. அதுவரை பெட்ரோல் எஞ்சினுக்கான மேக்னெட்டோவால், அதாவது தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவியால், பெயர்பெற்றிருந்த ஸ்டுட்கார்ட்டின் ராபர்ட் பாஷ் 1922 இறுதியில் இத்துறையில் இறங்கினார். பல வடிவங்களைச் சோதித்துக் கழித்தபின், 1927இல் அவருடைய நிறுவனத்தின் பம்பு தொடர் உற்பத்திக்கு வந்தது.

இன்லைன் பம்பு எனப்படும் அவ்வகையில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சரும் அது ஏறியிறங்கும் பேரலும் உண்டு. இந்த இணையைத் தொழிலாளர் ‘எலிமெண்ட்’ என்பர். பிளஞ்சரின் பக்கத்தில் சாய்வாக வெட்டப்பட்ட விளிம்பு, ‘ரேக்’ எனும் பல்தண்டு பிளஞ்சரைத் திருப்பும் அளவுக்கேற்பச் செல்லும் டீசலைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையிலுள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. தலைமயிரின் தடிப்போ அதைப்போல் பன்மடங்கு. ரிங்கோ வாஷரோ இன்றி இப்பொருத்தம் ஒன்றே அழுத்தத்தைக் காக்கிறது. இணையிணையாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை ஆகையால், ஒன்றின் பிளஞ்சரை மற்றொன்றின் பேரலில் இடலாகாது. எலிமெண்டுக்கு மசகாக இருப்பதும் உள்ளே ஓடும் டீசலே ஆதலால், டீசலில் கலந்த நீரும் தூசியுமே அதன் முதற்பகை.

ஆகவே, பம்பைப் பிரிக்காமலே செய்யக்கூடிய பில்டர் மாற்றுதல், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் ‘ஏர் எடுத்தல்’, எரிபொருள் செலுத்தும் கணத்தை எஞ்சினோடு பொருத்தும் ‘டைமிங் வைத்தல்’ ஆகியவை ஊர் மெக்கானிக்கின் பொறுப்பாயின. அவற்றை எளிய வேலைகள் என்று தள்ளிவிட முடியாது. டைமிங் வைக்கும்போது முதல் சிலிண்டருக்குரிய டெலிவரி வால்வை எடுத்துவிட்டு, வளைந்த சிறு குழாயைப் பொருத்தி, ஃபிளைவீலைக் கையால் மெல்லத் திருப்ப, வழிந்துகொண்டிருந்த டீசல் சொட்டாகி நிற்கும் கணமே பிளஞ்சர் பேரலின் துவாரத்தை மூடிய கணம். ஃபிளைவீல் குறி அப்போது உரிய இடத்தில் நில்லாவிடில் பம்பைச் சற்றே திருப்பி மீண்டும் பார்க்க வேண்டும்.

பிரிக்கும் வேலை டெஸ்ட் பெஞ்சு உள்ள அறைக்கு உரியது. அங்கு மோட்டாரால் பம்பைக் குறித்த வேகத்தில் சுழற்றி, ஒவ்வொரு எலிமெண்டும் தள்ளும் எண்ணெயைக் கண்ணாடிக் குழாய்களில் அளந்து சமன்செய்வதே கேலிப்ரேஷன். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரையும் அமைத்தபின், அதிகபட்ச அளவைக் குறிக்கும் திருகு கம்பியாலும் ஈயத்தாலும் முத்திரையிடப்படும். கூடுதல் இழுவைக்காக அம்முத்திரையை உடைத்துத் திருகைத் திருப்பி, கரும்புகையையும் டீசல் செலவையும் தேடிக்கொண்டவர்களும் உண்டு.

இந்தியாவில் இத்தொழில் வேரூன்ற, 1951இல் பெங்களூரில் பாஷ் கூட்டுறவுடன் தொடங்கிய மைகோ நிறுவனம் பெரிதும் காரணமாயிற்று. 1960இல் சென்னையில் தோன்றிய டாஃபே, மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் சிம்சன் எஞ்சின்களோடு பரப்பியபோது, தமிழகச் சிற்றூர்களிலும் பம்பு பழுதுபார்க்கும் தேவை பெருகியது. இதற்கிடையே மேனாடுகளில் ரோட்டரி பம்பு வந்துவிட்டிருந்தது. அமெரிக்கரான வெர்னன் ரூசா வகுத்த வடிவம் 1952இல் உற்பத்திக்கு வர, அதே கொள்கையில் இங்கிலாந்தின் சி.ஏ.வி. நிறுவனம் டி.பி.ஏ. பம்பை அளித்தது. இதில் எதிரெதிரான ஒரே பிளஞ்சர் இணை, சுழலும் ரோட்டார் வழியே எல்லாச் சிலிண்டருக்கும் முறைவைத்து டீசலைப் பங்கிடுவதால், இன்லைன் பம்பைப்போல் ஒவ்வொன்றாகச் சமன்செய்யும் வேலை இல்லை. ஆனால் தேய்ந்தால் எல்லாச் சிலிண்டரும் சேர்ந்தே பாதிக்கப்படும்: குளிர்ந்த நிலையில் கிளம்பும் எஞ்சின், சூடேறி அணைத்தபின் கிளம்ப மறுக்கும், சூட்டில் இளகிய டீசல் தேய்ந்த இடைவெளியில் கசிந்துவிடுவதே அதன் காரணம். இவ்வகைப் பம்பை மாற்றுவதோ எளிது. அச்சிலுள்ள அகன்ற பல் ஒரே நிலையில் மட்டுமே பொருந்துவதால், கழற்றுமுன் இருந்த கோட்டுக்குறியை நேர்நிறுத்தினால் போதும்.

2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு இந்திய அரசு புகைவிதிகளைக் கடுமையாக்கியதால், அவ்வகையில் மின்னணுக் கட்டுப்பாட்டு முறை இடம்பிடித்துள்ளது. அதில் கோளாறு காண்பதற்குக் கணினி இணைப்பு வேண்டும். அவ்வரம்புக்குக் கீழுள்ள, எண்ணிக்கையில் மிகுந்த டிராக்டர்களில் பழைய இயந்திர பம்பே இன்னும் பரவலாக இயங்குவதால், பெஞ்சு அறைகளுக்கு வேலை குறையவில்லை.